காசு வந்தால் அக்கறை போகுமா?

இயற்கையைக் காக்கும் விவசாயிக்குப் பணம் கொடுக்கும் முறை உலகெங்கும் பரவி வருகிறது. காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் காணிக்காரர்களுக்குக் கோஸ்டாரிக்கா 1997 முதல் எரிபொருள் வரியிலிருந்து பணம் வழங்குகிறது. நெல்வயலை மண்ணிட்டு நிரப்பாமல் வைத்திருப்போருக்கு ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைக் கேரள அரசு 2020இல் தொடங்கியது.

பணம் சிலவேளை எதிர்விளைவையும் தரும். சுவிட்சர்லாந்தின் ஒரு கிராமத்தில் அணுக்கழிவுக் கிடங்கை ஏற்பீர்களா என்று 1993இல் கேட்டபோது நூற்றுக்கு 51 பேர் சம்மதித்தனர். இழப்பீடு தருவதாகச் சொன்னதும் சம்மதித்தோர் 25 பேராகக் குறைந்தனர். கடமையாகத் தெரிந்தது வியாபாரமாகிவிட்டால் மனம் இலாப நட்டக் கணக்குக்கு மாறிவிடுகிறது.

காசில்லாமலே அக்கறை வளர்ந்ததற்கு இலங்கையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் சான்று. கல்முனை, சம்மாந்துறை வயல்களுக்கும் நீர் தரும் இத்திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம், 1981 சிறுபோகத் தொடக்கத்தில் கால்வாசியே நிரம்பியிருந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் அனுப்பிய அமைப்பாளர்கள் இடதுகரையில் வீடுவீடாகப் போய்ப் பேசினர். ஆண்டுக்கணக்கில் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை விவசாயிகள் சிரமதானமாக வெட்டித் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம்பிடித்த நீரைக் கீழ்ப்பகுதிக்கு விட்டனர். மேலே பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைவாய்க்காலில் தமிழ் பேசுவோர். இப்படி உருவான விவசாயி அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கும் சம்பளம் கிடையாது. நெல்லுக்கு நீர் போதாது என்று சொல்லப்பட்ட 1997 சிறுபோகத்திலும் இந்த அமைப்புகள் நல்ல விளைச்சல் கண்டன.

இத்தகைய வேலைக்கு வெளியிலிருந்து நாட்கூலி வந்தால், வாய்க்காலைப் பராமரிப்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு என்ற எண்ணம் வேரூன்றும். காசு நின்ற போகத்தில் மண்வெட்டியும் நின்றுவிடும்.

அதற்காகப் பணமே கூடாது என்பதில்லை. நீர் முறையைப் பார்க்கும் வட்டை விதானைக்கு விவசாயிகளே அறுவடையில் நெல் அளந்து கொடுப்பது கிழக்கிலங்கையின் பழைய வழக்கம். கொடுப்பவர்களுக்கே அவர் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் அந்தக் கூலி பொறுப்பைக் குலைப்பதில்லை.

ஆற்றோரக் காணியை விதைக்காமல் விடுவதும், உரத்தைக் குறைத்து விளைச்சலில் ஒரு பங்கை இழப்பதும் வேறு வகை. அங்கே வருமானமே குறைகிறது. அதை ஈடுசெய்யும் பணம் நியாயமானது. போக ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகளே நிபந்தனைகளைப் பேசி முடிவுசெய்து, பணம் தனியாளுக்கன்றி அமைப்புக்குக் கிடைத்தால், பழைய அக்கறை கெடும் வாய்ப்புக் குறைவு.