மாணவர்க்கு மாணவரே துணை

தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம். இரவு இரண்டு மணி. விடுதி அறையில் ஒரு மாணவன் உறக்கமின்றிப் புரண்டுகொண்டிருக்கிறான். பாடத்தில் பின்தங்கிவிட்ட அச்சம் அவனை வாட்டுகிறது. வீட்டாரிடம் சொன்னால் வருந்துவார்கள். ஆசிரியரிடம் சொல்லக் கூச்சம். யாரிடம்தான் சொல்வது?

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டனர். ‘நைட்லைன்’ என்று அதற்குப் பெயர். இரவு நேரத்தில் பயிற்சி பெற்ற மாணவர்கள் தொலைபேசியின் அருகே விழித்திருப்பார்கள். அழைப்பவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பேசியது வெளியே போகாது. பின்னர் இம்முறை பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

இதில் நமக்கு வியப்பளிப்பது ஒன்று உண்டு. கேட்கும் மாணவர் அறிவுரை கூறுவதில்லை, தீர்ப்பும் வழங்குவதில்லை. “என்ன நடந்தது? அப்போது மனத்தில் என்ன தோன்றியது?” என்று கேட்டுப் பேசவிடுவார். என் போன்ற ஆசிரியர்களுக்கு இது எளிதன்று. ஒருமுறை செய்முறை வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் தயங்கி நின்றான். கால் மணி நேரம் நான் அறிவுரை சொன்னேன். “சரி சார்” என்று போய்விட்டான். அவன் சொல்ல வந்தது என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெறுமனே சொல்வதால் என்ன பயன்? லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்ப்போம். சினமும் அச்சமும் தோன்றும் முகப்படங்களைச் சிலருக்குக் காட்டி, அவர்களுடைய மூளையின் செயலை எம்.ஆர்.ஐ. கருவியால் பதிவு செய்தனர். முகத்தில் தெரிந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் கிளர்ச்சி தணிந்தது. அம்முகத்திற்கு ஆட்பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அளவு தணியவில்லை. சொந்தத் துயரம் படத்தைப் போன்றதன்று என்பது உண்மையே. ஆயினும் உணர்ச்சியைச் சொல்லாக்குவது மூளையில் ஒரு மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

அப்படியானால் நண்பர்கள் கூடிப் பேசினாலே போதாதா? போதாது. அமெரிக்க உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. ஒரே துன்பத்தைத் திரும்பத் திரும்பப் பேசும் சிறார்களிடையே நட்பு நெருக்கமாக இருந்தது. கூடவே மனச்சோர்வும் கவலையும் மிகுந்திருந்தன. பேச்சு ஒரே இடத்தில் சுழலக் கூடாது. கல்லூரியில் மாணவர் குழு அமைப்போர்க்குப் பயிற்சியும், வழிகாட்ட ஒரு வல்லுநரும் வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு எல்லையும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவர் பேச்சில் தென்பட்டால், சக மாணவரின் காது மட்டும் போதாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இரகசியம் காப்பதாகச் சொன்ன வாக்கு அங்கே பொருந்தாது. சென்னையில் 1986 முதல் ‘சினேகா’ அமைப்பின் தொண்டர்கள் இத்தகையோர்க்குச் செவிசாய்த்து வருகின்றனர். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். எண் 14416.