வாக்குச்சீட்டுக்கு முன் ஒரு கணக்கு

மலாக்கா ஜோங்கர் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பெரிய உணவகத்தில் சாப்பிட்டால், கையில் கிடைக்கும் ரசீதை வீசுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். அடியில் 6 விழுக்காடு சேவை வரி என்று அச்சிட்டிருக்கும். மருத்துவர் சாப்பிட்டாலும், வார இறுதியில் பகுதி நேர வேலை பார்க்கும் மாணவர் சாப்பிட்டாலும் விகிதம் ஒன்றுதான். "நான் மாணவன், எனக்கு எங்கே வரி?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நமக்கு இல்லாதது வருமான வரி மட்டுமே. மற்ற வரிகளைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கட்டி வருகிறோம்.

இந்தப் பணத்தை அரசாங்கம் எவ்வளவு வாங்கலாம், எப்படிச் செலவு செய்யலாம் என்பதில் உலகெங்கும் இரண்டு முகாம்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பழமைவாதப் பார்வை என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் சடங்கு, சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். பொருளாதாரத்தில் அதன் பொருள் வேறு. வரி குறைவாகவும் எளிமையாகவும் இருக்க வேண்டும். அரசாங்கம் வரவுக்குள் செலவு செய்ய வேண்டும். இன்றைய கடன் நாளைய வரி. குடும்பமும் சமூகமும் தாமே செய்துகொள்ளக்கூடியதில் அரசாங்கம் தலையிடக் கூடாது. சுருக்கமாக இவைதான் அதன் கொள்கைகள்.

இந்தப் பார்வை அமெரிக்கா, பிரிட்டனிலிருந்து இறக்குமதியானது என்று நினைத்தால் அது தவறு. நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மலாக்காவிலேயே பிறந்தவர். 1916இல் இங்கே பிறந்த துன் டான் சியூ சின், 1959 முதல் 1974 வரை நாட்டின் நிதியமைச்சராக இருந்தார். அவருடைய தந்தை துன் டான் செங் லோக்கின் பெயரில்தான் மலாக்கா பழைய நகரத்தின் புகழ்பெற்ற சாலை ஒன்று இருக்கிறது. செலவில் கண்டிப்பு, நாணய மதிப்பில் உறுதி ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றவர் டான் சியூ சின். 1967இல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது, மலேசியா தன் புதிய வெள்ளியின் மதிப்பைக் குறைக்கவில்லை.

ஆனால் இன்று எஸ்எஸ்டி என்கிறோமே, அதன் ஒரு பாதியான விற்பனை வரி 1972இல் அவர் காலத்தில்தான் வந்தது. சிக்கனக்காரர் ஏன் புது வரி போட்டார்?

இதே கேள்வியைத் தமிழ்நாட்டிலும் கேட்கலாம். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரான இராஜாஜி, சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சாராய வருமானம் போனது. அந்த இடத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இருபது ஆண்டு கழித்து, 1959இல், அரசாங்கத்தின் அளவற்ற கட்டுப்பாடுகளை எதிர்த்துச் சுதந்திரா கட்சியைத் தொடங்கியவரும் அவர்தான். இரண்டிலும் முரண்பாடு இல்லை. உண்மையான பழமைவாதி "வரியே வேண்டாம்" என்று சொல்பவர் அல்லர். "ஒரு செலவை ஏற்றுக்கொண்டால், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அதே மூச்சில் சொல்" என்பவர்.

இந்த அளவுகோலை வைத்து நம் கட்சிகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2015 ஏப்ரல் 1ஆம் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியை, அதாவது ஜிஎஸ்டியை, நடைமுறைப்படுத்தியது தேசிய முன்னணி அரசாங்கம். அதை ஒழிப்போம் என்று சொல்லி 2018 மே மாதம் வென்றது நம்பிக்கைக் கூட்டணி. ஜூன் 1ஆம் நாள் வரி சுழியமானது. செப்டம்பர் 1ஆம் நாள் எஸ்எஸ்டி திரும்பி வந்தது. 2017இல் ஜிஎஸ்டி வழியாக 44 பில்லியன் ரிங்கிட்டுக்குமேல் வசூலானது. 2019இல் எஸ்எஸ்டி வசூல் 30 பில்லியனைக்கூட எட்டவில்லை. மக்கள் கையில் பணம் மிஞ்சியது உண்மை. அரசாங்கத்தின் கையில் ஓட்டை விழுந்ததும் உண்மை. பிறகு இரு கூட்டணிகளும் ஒரே ஒற்றுமை அரசாங்கத்தில் அமர்ந்தன. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடானது; 2025 ஜூலையில் எஸ்எஸ்டியின் வலை இன்னும் விரிந்தது. வரி விஷயத்தில் எந்தக் கட்சிக்கும் நிரந்தரக் கொள்கை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாணவர்களான நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2018 தேர்தல் அறிக்கையில், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டை எட்டும்வரை பிடிபிடிஎன் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டாம் என்ற வாக்குறுதி இருந்தது. வளாகங்களில் அதற்குக் கைதட்டல் கிடைத்தது. ஆட்சிக்கு வந்த பிறகு, நிதி நிலைமை இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி அதை நிறைவேற்றவில்லை. இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "பணம் எங்கிருந்து?" என்று கேட்காமல் கைதட்டியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஓர் அண்ணன் திருப்பிக் கட்டாத கடன், அடுத்து வரும் தம்பிக்குக் கிடைக்காத கடன் என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

நாட்டின் கடனும் இப்படித்தான். 2025 வரவு செலவுத் திட்டத்தின் மொத்த அளவு 421 பில்லியன் ரிங்கிட். எதிர்பார்த்த வருவாய் சுமார் 340 பில்லியன். கடனுக்கு வட்டி கட்ட மட்டும் ஏறக்குறைய 55 பில்லியன். அதாவது அரசாங்கத்துக்கு வரும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் 16 ரிங்கிட், ஒரு வகுப்பறையும் கட்டாமல், ஒரு மருந்தும் வாங்காமல் வட்டிக்குப் போகிறது. பழமைவாதப் பார்வை நமக்குச் செய்யும் பெரிய உதவி இந்தக் கணக்கை நினைவூட்டுவதுதான். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டமும் அதே கவலையில் பிறந்தது. பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள்ளும், கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பது அதன் இலக்கு.

சரி, மாநிலத்துக்கு வருவோம். மலாக்கா அரசாங்கம் நினைத்தால் நம் வருமான வரியைக் குறைக்க முடியுமா? முடியாது. வருமான வரி, சுங்க வரி, எஸ்எஸ்டி எல்லாம் கூட்டரசுக்கு உரியவை. அரசியலமைப்பின்படி மாநிலத்துக்குக் கிடைப்பவை நிலம், கனிமம், காடு, கேளிக்கை வரி, உரிமக் கட்டணம் போன்றவை. மக்கள்தொகைக்கும் சாலைக்கும் கூட்டரசு தரும் மானியமும் சேரும். எண்ணெய்க் கிணறு இல்லாத, பெருங்காடும் இல்லாத மலாக்காவுக்கு நிலம்தான் முக்கிய சொத்து. மாநிலம் விருப்பப்படி கடன் வாங்கவும் முடியாது. அரசியலமைப்பின் 111ஆம் பிரிவின்படி, கூட்டரசிடமிருந்தோ கூட்டரசு அனுமதித்த இடத்திலிருந்தோதான் வாங்கலாம்.

நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் வரும் வரி இன்னொன்று. சுக்காய் பிந்து என்று சொல்லும் மதிப்பீட்டு வரி. மலாக்கா மாநகர் மன்றமும், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்களும் இதை வசூலிக்கின்றன. குப்பை அள்ளுவது, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் இந்தப் பணத்தில்தான். ஆனால் 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்ட பிறகு, மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசாங்கமே நியமிக்கிறது. வரி வாங்குபவர் வாக்குக் கேட்டு வர வேண்டும் என்பது பழமைவாதிகளின் அடிப்படை வாதம். அந்த வகையில், மாநிலத் தேர்தலில் போடும் ஒரே வாக்குதான் நம் சுக்காய் பிந்துவுக்கும் சேர்த்துப் போடும் வாக்கு.

இதுவரை சிக்கனத்தின் பக்கம் பேசினோம். மறுபக்கத்தையும் பேச வேண்டும். அதற்கு ஜாசின், மெர்லிமாவ், தெபோங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம் உட்கார வேண்டும்.

தோட்டம் என்பது ஒரு வகையில் மிகச் சிறிய அரசாங்கம் இருந்த இடம். லயன் வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டகை, மருந்து கொடுக்கும் டிரசர், பள்ளிக்கூடம் எல்லாமே நிர்வாகத்தின் கையில். தோட்டம் தனியார் நிலம் என்பதால், பக்கத்துக் கம்பத்துக்கு வந்த சாலையும் மின்சாரமும் தோட்ட வாசலோடு நின்றன. மதிப்பீட்டு வரி பில் லயத்துக்கு வந்ததில்லை. அதற்குரிய சேவையும் வந்ததில்லை. நிர்வாகம் நல்லதாக இருந்தால் நல்ல வாழ்க்கை. இல்லையென்றால் முறையிட இடமில்லை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வீடு, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றுக்கான குறைந்தபட்சத் தரத்தை முதலாளிகளின் கடமையாக்கியது. "அரசாங்கம் ஒதுங்கி நின்றால் எல்லாம் தானாகச் சரியாகும்" என்று யாராவது சொன்னால், நம் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கை அதற்குப் பதில் சொல்லும்.

அதே தோட்டங்கள் இன்னொரு பாடத்தையும் விட்டுச் சென்றன. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுபவர்கள் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மானியத்துக்குக் காத்திருக்காத சுயஉதவி அது. பழமைவாதிகள் மேற்கோள் காட்டத் தகுந்த சாதனை. ஆனால் அதுவும் கூட்டுறவுச் சட்டம், பதிவு, கணக்குத் தணிக்கை என்று அரசாங்கம் போட்ட பாதையில்தான் நடந்தது.

ஆகவே இந்தப் பார்வையை முழுதாக விழுங்கவும் வேண்டாம், முழுதாகத் துப்பவும் வேண்டாம். பொதுப் பணத்தில் சிக்கனம் வேண்டும் என்ற பாதி நமக்குத் தேவை. மக்களை அவரவர் பாட்டுக்கு விட்டுவிடலாம் என்ற பாதி, தோட்டத்தில் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டுத் தோற்றது.

2021 அக்டோபரில் நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள் முதலமைச்சருக்குக் கொடுத்த ஆதரவை மீட்டுக்கொண்டதால், மலாக்கா சட்டமன்றம் கலைந்தது. நவம்பர் 20ஆம் நாள் தேர்தல் நடந்தது. 28 இடங்களில் 21ஐ தேசிய முன்னணி வென்றது. 18 வயதில் வாக்களிக்கும் உரிமை டிசம்பர் 15ஆம் நாள்தான் நடப்புக்கு வந்தது. வெறும் 25 நாள் இடைவெளியில் மலாக்காவின் 18, 19, 20 வயதுக்காரர்கள் அந்தத் தேர்தலைத் தவறவிட்டார்கள். ஆகவே அதற்கு அடுத்த மாநிலத் தேர்தல்தான் இந்த வயதினர் மலாக்கா அரசாங்கத்தைத் தீர்மானிக்கும் முதல் தேர்தல்.

வேட்பாளர் உங்கள் தாமானுக்கோ வளாகத்துக்கோ வரும்போது மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள். நீங்கள் தருவதாகச் சொல்வதற்கு யார் பணம் கட்டுவது? அது ஒரு முறைச் செலவா, ஆண்டுதோறும் வரும் செலவா? அது மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறதா, புத்ராஜெயாவின் அதிகாரத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்பவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் உட்கார வைத்துப் பேசுங்கள். பதில் சொல்லாமல் அரிசி மூட்டையை மட்டும் இறக்கி வைப்பவரிடம், அதன் விலையையும் கேட்டுவிடுங்கள்.