பாட்டனின் சவரக்கத்தியும் கொழும்பின் கடற்காற்றும்

கைப்பிடிக்குள் மடிந்து ஒடுங்கும் ஒற்றை அலகைக் கொண்டதும், பிளேட் மாற்றாமல் தீட்டித் தீட்டியே பயன்படுத்தப்படுவதுமான மடக்குச் சவரக்கத்தி, இங்கிலாந்தின் ஷெபீல்டிலிருந்தும் ஜேர்மனியின் சோலிங்கனிலிருந்தும் இலங்கைக்கு வந்து, தம் கையாலேயே முகம் மழித்துக்கொண்டவர்களின் வீடுகளிலும் சவரத்தைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களிலும் புழங்கியது. 1903இல் ஜில்லெட்டின் மாற்றுப் பிளேட் விற்பனைக்கு வந்தபின் வீடுகளில் அதன் தேவை மெல்லக் குன்றியது. இரத்தத்தின் வழி தொற்றும் நோய்கள் பற்றிய அச்சம் வலுத்தபின் சலூன்களும் பாதி பிளேட்டைச் செருகி எறியும் கத்திக்கு மாறின. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும் அலுமாரி இழுப்பறைகளில் இன்று அகப்படுபவை இவ்வாறு ஓய்ந்தவையே.

கத்தியின் பிறப்பிடத்தைக் கூறுவது கீல் ஆணிக்கு அருகிலுள்ள கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்ட முத்திரையாகும். நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் சேர்ந்திருப்பின் அது ஷெபீல்டின் ஜோசப் ரொஜர்ஸ் நிறுவனத்தின் குறி. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என அமெரிக்கா 1890இல் சட்டமியற்றியதால், 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லாத கத்தி அதற்கு முற்பட்டது எனச் சேகரிப்பாளர்கள் கணிப்பதுண்டு. ஆயினும் அமெரிக்கச் சட்டம் இலங்கைக்கு வந்த கத்தியைக் கட்டுப்படுத்தவில்லையாதலால், இங்கு அக்கணிப்பை முழுதும் நம்புவதற்கில்லை.

கொழும்பில் இக்கத்திகளின் முதற்பகை காற்றுதான். அலகு கரிமம் மிகுந்த உருக்கால் ஆனது. சமையலறைக் கத்தியைப் போலக் கறள் பிடிக்காத உருக்கு அன்று. கடலை ஒட்டிய ஊர்களில் உப்பும் ஈரமும் சேர்ந்து அதனை விரைவில் அரிக்கின்றன. செம்பழுப்பாக உதிரும் கறளை நீக்கியே ஆகவேண்டும். கருஞ்சாம்பல் நிறக் கறையோ உருக்கின்மேல் படிந்த மெல்லிய போர்வையாதலால் அதனை விட்டுவிடலாம், விடுவதே நன்று. கறள் குழிகள் முதுகுப்புறம் இருந்தால் அழகுக்குறை மட்டுமே. வாய்ப்புறத்தை எட்டியிருந்தால் தீட்டும்போது விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். உருப்பெருக்கியின் கீழ் மயிரிழை வெடிப்பொன்று தென்படுமானால் அக்கத்தியைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்வதே தகும்.

கைப்பிடியையும் ஐயத்தோடு நோக்கவேண்டும். பழைய நெகிழிவகையான செலுலோயிட், சிதையும்போது அமில ஆவியை வெளியிடுவதால், மூடிய கத்தியின் அலகு உள்ளிருந்தே கறள் ஏறும். தந்தம் போன்ற மஞ்சள் வெண்மையில் அச்சடித்தாற்போல இணைகோடுகள் ஓடினால் அது பெரும்பாலும் செலுலோயிட்டே. உண்மையான யானைத் தந்தமாயின் அதனை விற்பதற்கோ வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவதற்கோ முன்பு சட்டத்தை அறிந்துகொள்வது அவசியம். கைப்பற்றப்பட்ட ஏறத்தாழ ஒன்றரைத் தொன் தந்தத்தை இலங்கை அரசு 2016 ஜனவரி 26 அன்று காலிமுகத்திடலில் நசுக்கி அழித்தது.

துப்புரவில் மிகையான ஊக்கமே கேடு விளைவிக்கிறது. இயந்திர எண்ணெயில் ஊறவைத்து, மென்மையான இரும்புப் பஞ்சால் நீளவாட்டில் தேய்த்து, பித்தளை துலக்கும் பசையோடு நிறுத்திக்கொண்டால் போதும். கண்ணாடிபோல் மின்னவேண்டும் என்று சாணைச் சக்கரத்தில் கொடுத்தால், நொடிப்பொழுதில் மெல்லிய வாய் சூடேறி, ஏறத்தாழ 300 பாகை செல்சியஸை எட்டியதும் நீலம் பாய்ந்து, கடினம் இழந்துவிடும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் அவ்விடத்தில் கூர் நிற்காது. முத்திரை தேய்ந்து மறைவது உடனிழப்பு.

தீட்டுவதற்குரிய கோணத்தைக் கத்தியே தன் உடலில் கொண்டிருப்பது இதன் தனிச்சிறப்பாகும். தடித்த முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படும்படி கிடத்தினால், பெரும்பாலும் 16 முதல் 19 பாகை வரையான கோணம் தானாகவே அமையும். முதுகை உயர்த்தாதிருப்பதே கை கற்கவேண்டிய பாடம். 1000 என்ற எண்ணுடைய கரடான கல்லில் தொடங்கி, 4000, 8000, 12000 என நுண்மையான கற்களுக்குச் செல்வது வழக்கம். முதற்கல்லில் இருபுறச் சரிவுகளும் விளிம்பில் சந்திக்காவிட்டால், அடுத்த கற்கள் மழுங்கலை மெருகேற்றுவதோடு சரி. நனைந்த கல்லில் வாயை முன்னே வைத்து அழுத்தமின்றித் தள்ளும்போது, விளிம்பின் முன்னால் ஓடும் நீர்க்கோடு ஓரிடத்தில் அலகின் மேலேறினால் அங்கே வாய் கல்லில் படிகிறது. நீர் அடியில் நழுவினால் அங்கே இன்னும் படியவில்லை.

இறுதியில் வருவது தோல்வார். இழுத்துப் பிடித்த அத்தோற்பட்டையில் முதுகை முன்னே விட்டு வாயைப் பின்னே இழுத்து, முனையில் முதுகின்மேலேயே புரட்டித் திரும்பவேண்டும். வாயின்மேல் புரட்டினால் வாரும் வெட்டுப்படும், வாயும் மழுங்கும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் இது தேவை. முதற்சவரத்துக்கு முன் 70 சதவீத அல்ககோலால் அலகைத் துடைப்பதும், ஒருவரின் கத்தியை மற்றொருவர் தொடாதிருப்பதும் கட்டாயம்.

சவரம் முடிந்ததும் அலகைத் துணியால் ஒற்றி, கீலில் தங்கிய ஈரம் உலரும்வரை கத்தியைத் திறந்தே வைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளியைத் தடவியபின் மடிக்கவேண்டும். குளியலறைத் தட்டும், கடலை நோக்கிய யன்னலோரமும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல.