ஹஜ் வெயிலும் உடலின் உப்புக் கணக்கும்

ஹிஜ்ரி 1445ஆம் ஆண்டின் ஹஜ், 2024 ஜூன் திங்களின் நடுவில் அமைந்தது. ஜூன் 17 அன்று மக்காவின் புனிதப் பள்ளியில் வெப்பநிலை 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. அவ்வாண்டு ஹஜ்ஜின்போது 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். தங்குமிடமும் நிழலும் போதிய அளவில் இன்றி நெடுந்தொலைவு வெயிலில் நடந்தவர்கள். இத்தகைய இழப்புகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'தண்ணீர் நிறையக் குடியுங்கள்' என்னும் அறிவுரையே முதலில் வருகிறது. அறிவுரை சரியானதுதான், ஆயினும் அது பாதி அறிவுரையே.

நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை. சுற்றிலும் உள்ள காற்று அதைவிடச் சூடேறிவிட்டால் வீசும் காற்று உடலைக் குளிர்விப்பதில்லை, சூடேற்றுகிறது. அப்போது உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாதல். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை அது எடுத்துச் செல்லும். கடும் வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்ப்பது அரிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களிலிருந்து செல்வோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைவதைக் கொண்டே வியர்வையை அளந்து பழகியவர்கள் நாம். மக்காவின் வறண்ட கோடைக்காற்றில் வியர்வை தோன்றிய உடனே உலர்ந்துவிடும். துணி நனையாததால் வியர்க்கவில்லை என்று எண்ணிவிடுகிறோம். இஹ்ராம் துணியில் வெண்ணிறமாகப் படியும் உப்புக்கோடுதான் உண்மையைச் சொல்லும்.

அந்த உப்பைத்தான் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் மாறுபட்டு ஏறத்தாழ அரை கிராம் முதல் 1.4 கிராம் வரை சோடியம் இருக்கும். சமையல் உப்பாகச் சொன்னால் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலிலிருந்து மூன்றரை கிராம் வரை. பொட்டாசியம் இதில் சிறு பங்கே. மக்னீசியமும் கால்சியமும் மிகச் சொற்பம். பல தாதுக்களின் பெயரை வண்ண எழுத்தில் அடுக்கும் பானங்களின் விளம்பரங்களைப் படிக்கையில் இந்த விகிதத்தை நினைவில் வைப்பது நல்லது. வெயிலில் முதன்மையாக இழக்கப்படுவது நீரும் சோடியமும் குளோரைடுமே.

இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்னும் குறுகிய வரம்புக்குள் காக்கப்படுகிறது. வியர்த்து உப்பை இழந்தவர், பசியின்றி உணவையும் விட்டுவிட்டு, வெறும் நீரையே மேன்மேலும் குடித்தால் இந்த அளவு சரியும். அப்போது நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும், மூளையிலும் அவ்வாறே. தலைவலி, குமட்டல், தடுமாற்றம், முற்றினால் வலிப்பு. வெப்பச் சோர்வின் அறிகுறிகளும் ஏறத்தாழ இவையே என்பதால், உடன் இருப்போர் அன்பினால் இன்னும் நீரையே ஊட்டுவர். சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீரை வெளியேற்ற இயலாது என்பதையும் மறக்கலாகாது. எனினும், பெரும்பாலோருக்கு நேர்வது இதற்கு மாறான ஆபத்தே. கழிப்பிட வரிசைக்கு அஞ்சி, குறிப்பாகப் பெண்களும் முதியோரும், நீரைக் குறைத்துக்கொள்கின்றனர்.

ஸம்ஸம் நீரில் தாதுக்கள் மிகுந்துள்ளனவே, அது போதாதா என்று சிலர் வினவுவதுண்டு. அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் நீர் தேடி ஓடியதன் நினைவாக ஸஃயி செய்யும் சமுதாயத்திற்கு அந்நீரின் மாண்பைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயின் வேதியியல் கணக்கு வேறு. அந்நீரில் லிட்டருக்குச் சுமார் 130 மில்லிகிராம் சோடியம் உள்ளது. சாதாரணக் குடிநீரைவிட இது அதிகம். வியர்வையில் போவதோடு ஒப்பிட்டால் பத்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரையே.

உப்பும் சர்க்கரையும் நீரும் சேர்ந்தால் ஏன் விரைந்து பயன்படுகின்றன என்பதை அறிவியல் கண்டறிந்தது அண்மைக் காலத்தில்தான். சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாயிலின் வழியே இணைந்து நுழைகின்றன, அவற்றைத் தொடர்ந்து நீர் செல்கிறது என்னும் கருத்தை 1960இல் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். 1968இல் டாக்காவில் காலரா நோயாளிகளிடம் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. 1971இல் வங்கதேசப் போரின் அகதிகள் எல்லையோர பன்கானில் காலராவால் மடிந்துகொண்டிருக்க, நரம்பு வழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். முகாமில் இறப்பு 30 விழுக்காட்டளவிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வகுத்த கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உண்டு. பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் போதும். இதைவிடப் பன்மடங்கு இனிப்பான பானங்களும் 'ஓஆர்எஸ்' என்னும் பெயரைத் தாங்கி இந்தியக் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. அப்பெயரை அவை பயன்படுத்தலாகாது என உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது.

மூன்று வேளையும் முறையாக உண்பவருக்கு இழந்த உப்பில் பெரும்பகுதி உணவிலேயே திரும்பிவிடும். அரஃபாவிலும் மினாவிலும் பேரீச்சம்பழம், பழச்சாறு, தண்ணீர் என்று நாளைக் கழிப்பவருக்குத்தான் குறை நேர்கிறது. பேரீச்சையில் பொட்டாசியமும் சர்க்கரையும் நிறைய; சோடியம் மிகக் குறைவு. இளநீரும் பொட்டாசியத்திற்கே பெயர்பெற்றது. அங்குக் கடைதோறும் கிடைக்கும் லபன் மோரில் ஒரு சிட்டிகை உப்பிட்டால் நம் நீர்மோர்தான். நோன்புக் கஞ்சியையும் இவ்வரிசையில் வைக்கலாம்: அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகப் பிரிகிறது, நீரும் உப்பும் அதனுடனேயே உள்ளன. அரிசிக் கஞ்சியை அடிப்படையாகக் கொண்ட உப்புக்கரைசலை வங்கத்து மருத்துவர்கள் வயிற்றுப்போக்குக்குத் தந்து பயன் கண்டிருக்கின்றனர்.

இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போர், இதய, சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கு மேற்கண்ட கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் பயணத்திற்கு முன்பே மருந்தின் அளவையும் உப்பின் அளவையும் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இளநீரும் பேரீச்சையும்கூடப் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும்.

உடல்வெப்பம் 40 பாகையைக் கடந்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அந்நேரம் எந்தக் கரைசலையும் வாயில் ஊற்றலாகாது. ஆளை நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுதும் நீர் தெளித்து விசிற வேண்டும். மருத்துவ உதவியையும் உடனே அழைக்க வேண்டும். நுண்துளி நீரும் வெதுவெதுப்பான காற்றும் செலுத்தி நோயாளியைக் குளிர்விக்கும் படுக்கை அமைப்பு ஒன்று, ஹாஜிகளுக்கெனவே உருவாகி, 1980 முதல் மருத்துவ நூல்களில் மக்காவின் பெயராலேயே வழங்குகிறது. இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடலாகாது எனினும், குடை பிடிப்பதற்குத் தடையில்லை என்பதே இக்கால மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் முடிவு.

சந்திர ஆண்டு பதினொரு நாள் குறைவாதலால் 2026 முதல் ஹஜ் இளவேனிலுக்கு நகர்கிறது. ஏறத்தாழ 2050 வாக்கில்தான் மீண்டும் கடுங்கோடையைத் தொடும். எனினும் மே மாதத்திலும் மக்காவின் பகல் 40 பாகையைத் தாண்டுவது வழக்கமே.