பட்டறைக் கொட்டிலுக்கு ஏற்ற ஒளி

கமத்தொழிலில் இயந்திரம் புகுந்த பின்னர், கமக்காரரின் வீட்டுக் கொட்டில் ஒரு சிறு பட்டறையாகவும் மாறிவிட்டது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதிகளில் நீரிறைக்கும் இயந்திரம், இருசில்லு உழவு இயந்திரம், தெளிகருவி ஆகியன அங்கேயே வைக்கப்படுகின்றன. அவற்றின் பழுதும் அங்கேயே பார்க்கப்படுகின்றது. பகற்பொழுது தோட்டத்திற் கழிவதால் இவ்வேலை பெரும்பாலும் இரவிலேயே நடைபெறும். மங்கலான ஒளியில் ஒரு சிறு வாசரைத் தவறவிட்டால் மறுநாள் இறைப்புத் தடைப்படும், வெங்காயம் வாடும். கைவிரலுக்கும் ஆபத்து நேரலாம். ஆதலின், நல்ல ஒளி ஆடம்பரமன்று. அதுவும் ஒரு கமக்கருவியே.

ஒளியை அளக்கும் முறை

விளக்கு வாங்குவோர் உவாற்றுக் கணக்கை மட்டுமே நோக்குதல் வழக்கம். உவாற்று, விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவாகும். அது தரும் ஒளியின் அளவு லூமென் எனப்படும். பழைய 60 உவாற்று இழைக்குமிழ் ஏறக்குறைய 700 லூமென் ஒளி தரும். அதே ஒளியை 8 அல்லது 9 உவாற்று எல்.ஈ.டி. குமிழ் தந்துவிடும். நீலவொளி எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்தமையே வெள்ளை ஒளி விளக்குக்கு வழிவகுத்தது. அதற்காக யப்பானிற் பிறந்த மூன்று அறிஞர்கள் 2014இல் பௌதிகவியல் நோபெல் பரிசு பெற்றனர்.

எத்தனை விளக்கு வேண்டும்?

15 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட கொட்டிலை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 17 சதுர மீற்றர். பொது வேலைக்குச் சதுர மீற்றருக்கு 150 லூமென் வீதம் சுமார் 2,500 லூமென் தேவை. கூரையும் சுவரும் பாதி ஒளியை விழுங்கிவிடும் எனக் கொண்டால், 5,000 லூமென் பொருத்த வேண்டும். 1,800 லூமென் தரும் 18 உவாற்று, 4 அடி எல்.ஈ.டி. குழல்கள் மூன்று இதற்குப் போதும். நுண்ணிய வேலை நடைபெறும் மேசைக்கு மேலே இன்னொன்று வேண்டும். ஆக நான்கு குழல்கள், 72 உவாற்று.

நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய ஆறரை அலகு மின்சாரமே செலவாகும். இதே ஒளியை இழைக்குமிழ்களாற் பெறுவதாயின் பத்துக் குமிழ்கள் வேண்டும். செலவு 54 அலகாகும். குறைந்த விலைக்கு வாங்கிய குமிழ் மாதந்தோறும் கூடிய விலை கேட்கும் என்பதை மறத்தலாகாது.

பொருத்தும் முறை

1. நடுவில் ஒரே பெருவிளக்கைத் தொங்கவிடாதீர்கள். நம் உடலின் நிழலே வேலையின்மேல் விழும். குழல்களைப் பிரித்து இரு பக்கங்களிலும் பொருத்துக.

2. மேசை விளக்கு, வேலை செய்பவரின் தலைக்குப் பின்னால் அன்றி, மேசையின் முன்விளிம்புக்கு நேர்மேலே இருத்தல் வேண்டும்.

3. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுக. அதைவிட மலிவான ஒளி வேறில்லை.

4. 4,000 முதல் 6,500 கெல்வின் வரையான வெள்ளொளியைத் தெரிவு செய்க. நிறம் காட்டுந் திறன் 80 அல்லது அதற்கு மேல் எனக் குறிக்கப்பட்டதாயின், வயர்களின் நிறமும் எண்ணெயின் நிறமும் பிழையின்றித் தெரியும்.

சுழலும் சில்லில் அவதானம்

சோக்குடன் எரியும் பழைய குழல் விளக்கு, 50 ஹேட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 முறை ஒளி கூடிக் குறையும். நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுழலும் நான்கு ஆரச் சில்லு, ஒவ்வொரு முறையும் சரியாகக் காற்சுற்றுத் திரும்புவதால், அவ்வொளியில் அசையாது நிற்பதுபோலத் தோன்றக்கூடும். நின்றுவிட்டது என எண்ணிக் கை நீட்டுவோர் விரலை இழக்க நேரும். மலிவான சில எல்.ஈ.டி. விளக்குகளிலும் இக்குறை உண்டு. கைத்தொலைபேசியின் கமராவால் விளக்கை நோக்குக. கரும்பட்டைகள் ஓடுமாயின் அவ்விளக்கு இயந்திரத்தின் அருகே ஆகாது.

உப்புக்காற்றும் எரிபொருளும்

நம் தீவுகளில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். ஆகவே பிளாஸ்ரிக் உறையுள்ள, ஐ.பி. 65 எனக் குறிக்கப்பட்ட விளக்கே சிறந்தது. வயரைப் பீ.வீ.சி. குழாயினுள் செலுத்துக. இணைப்புக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் இருத்தல் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்குக. வயர் வேலையைத் தேர்ச்சி பெற்ற மின்வினைஞரிடமே ஒப்படைத்து, ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்க.

1990இல் மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தல் விளக்கில் இயந்திரம் திருத்திய தலைமுறை நம்முடையது. அந்நாளில் வேறு வழியில்லை. இன்று அவ்வழக்கம் வேண்டாம். பெற்றோல் ஆவி தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள சுடரையும் எட்டும். மின்வெட்டு நேரத்துக்கு மின்கலத்தால் எரியும் எல்.ஈ.டி. கைவிளக்கு ஒன்றை வைத்திருங்கள்.

சூரியமின் கலம் உடையோர்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையமைப்பில் இணையாது நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அங்கு சூரியவொளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறுவதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சிற் கைச்சாத்தானது. வீட்டில் சூரியத்தகடு உள்ளோர் 12 உவோல்ற்று எல்.ஈ.டி. விளக்கை நேரடியாகப் பயன்படுத்தலாம். 40 அம்பியர் மணிக் கலத்தில் பாதியை மட்டும் செலவிட்டாலும் 20 உவாற்று விளக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியும். கலத்தின் அருகே உருகி ஒன்று பொருத்துதல் அவசியம். கலம் ஏற்றும் இடத்திற் காற்றோட்டமும் வேண்டும்.

முழுச் செலவையும் ஒரே தடவையிற் செய்ய இயலாதோர், முதலில் சுண்ணாம்பும் ட்ரிப் சுவிட்சும் மேசை விளக்கும் அமைத்துக்கொள்ளலாம். ஏனைய குழல்களை அறுவடைக்குப் பின் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். கண் தெளிவாகக் கண்டதைக் கை பிழையாகச் செய்வதில்லை.