மிதவைக் கயிறு (ஈட்டி மீன்பிடிப்பு)

மிதவைக் கயிறு என்பது மூச்சடக்கி மூழ்கி ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பவர், தம் கருவியை நீர்ப்பரப்பில் உள்ள மிதவையுடன் இணைக்கப் பயன்படுத்தும் கயிறு ஆகும். குத்துப்பட்ட மீன் கருவியுடன் தப்பிவிடாமல் தடுப்பதும், மூழ்கியவர் இருக்கும் பகுதியைப் பிறருக்குக் காட்டுவதும் இதன் முதன்மைப் பயன்களாகும்.

பின்னணி

மூங்கில் காம்பில் பொருத்திய எறியுளியைப் பரதவர் பெருமீன் மீது எறிவதைக் குறுந்தொகையின் 304ஆம் பாடல் கூறுகிறது. எறியுளி பட்ட மீன் கடலைக் கலக்கி, வலிமை இழந்த பின்னர் திமில்களின் அருகே வருவதை அகநானூற்றின் 210ஆம் பாடலில் காணலாம். மீனைத் தளரவிட்டுப் பின்னர் கைப்பற்றும் இக்கோட்பாடே மிதவைக் கயிற்றுக்கும் அடிப்படையாகும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் படகுடன் கயிற்றால் தொடர்பு கொண்டிருந்தனர்; கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுத்துக்கொள்வார்.

கயிற்றைத் தெரிவு செய்தல்

நீரின் ஆழத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் பொதுவாகப் போதுமானது. 10 மீட்டர் ஆழத்திற்கு 15 முதல் 20 மீட்டர் வரை கொள்ளலாம். மிகுந்த நீளம் பாறைகளிலும் காலிலும் சிக்கும். பாலிப்புரோப்பிலீன் கயிறு நீரை விட அடர்த்தி குறைந்தது, எனவே மிதக்கும். நைலான் கயிறு மூழ்கும் என்பதால் தொடக்கநிலையாளருக்கு ஏற்றதன்று. நெகிழிக் குழாயினுள் செலுத்தப்பட்ட தடித்த கயிறு எளிதில் முடிச்சு விழாது.

மிதவை

மிதவையின் கொள்ளளவே அதன் இழுவிசையைத் தீர்மானிக்கிறது. 10 லிட்டர் மிதவையை முழுதும் அமிழ்த்த, அதன் சொந்த எடை நீங்கலாக, ஏறத்தாழ 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை. கரையோரச் சிறு மீன்களுக்கு இதுவே மிகுதி. காற்றடைத்த மிதவை சுமக்க எளிது. ஆனால் துளை விழுந்தால் பயனற்றுப் போகும். நுரை நிரப்பிய மிதவைக்கு அக்குறை இல்லை.

இணைக்கும் முறைகள்

* கைப்பிடி முறை: கயிறு துப்பாக்கியின் பின்முனையில் இணைக்கப்படும். மீன் வலுவாக இழுத்தால் துப்பாக்கியைக் கைவிட்டு மேலே வரலாம். எளிமையான இம்முறை தொடக்கநிலையாளருக்கு உகந்தது.
* கழலும் முறை: கயிறு நேரடியாக ஈட்டியுடன் இணைந்து, எய்தவுடன் துப்பாக்கியிலிருந்து கழன்றுவிடும். இது பெருமீன்களுக்கு உரியது. சதை கிழிந்து மீன் தப்பாமலிருக்க, இடையே மீள்தன்மையுள்ள பகுதி சேர்க்கப்படுவதுண்டு.

பாதுகாப்பு

கயிற்றை மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டுதல் கூடாது; பெருமீன் மூழ்குபவரையே ஆழத்திற்கு இழுத்துவிடும். சிக்கினால் அறுக்கக் கைக்கெட்டும் இடத்தில் கத்தி வேண்டும். மிதவையில் மூழ்குநர் கொடி கட்டாயம் இருத்தல் வேண்டும். சிவப்பில் வெண்ணிறக் குறுக்குப் பட்டை கொண்ட கொடி பரவலாக அறியப்பட்டது. மூச்சடக்குவோர் முன்னறிவிப்பின்றி மயங்கக்கூடும். அப்போது எங்கே தேடுவது என்பதை மிதவை காட்டும். மீட்பதற்கோ, மேலே இருந்து கவனிக்கும் துணைவர் தேவை.

சட்ட நிலை

இலங்கையில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில், 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவினுள் உயிரினங்களை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.