உங்களுக்குத் தெரியுமா? கோட்டையைச் சாய்த்த 40 பன்றிகள்

இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டைக் கோபுரத்தில் மூன்று மூலைகள் சதுரம். தெற்கு மூலை மட்டும் வட்டம். காரணம், 1215-இல் நடந்த முற்றுகை. மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு இசைந்த சில மாதங்களிலேயே கலகப் பிரபுக்களோடு போரில் இறங்கிய ஜான் மன்னன், அவர்களின் படையை இங்கே வளைத்தான். கல்லெறி பொறிகளுக்குக் கோபுரம் அசையவில்லை. அதனால் மன்னனின் ஆட்கள் அதன் அடியில் சுரங்கம் தோண்டி மரத்தூண்களால் முட்டுக்கொடுத்தார்கள். உண்ண அவ்வளவாக உதவாத, நன்றாகக் கொழுத்த 40 பன்றிகளை அனுப்பும்படி நவம்பர் 25 அன்று மன்னனின் ஆணை பறந்தது. அந்தக் கொழுப்பில் முட்டுகள் எரிந்தன, மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கி எதிர்த்து நின்றார்கள். என்ன நெஞ்சுரம்! கடைசியில் அவர்களைப் பணியவைத்தது பசிதான். இடிந்த மூலையைப் பிறகு வட்டமாக எழுப்பியது, ஜானின் மகன் மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில்.